சுடாமல் நின்றவர்

ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் தினமும் நடமாடிவிட்டு, ஒருவரைக்கூடச் சுடாத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். சுடக்கூடாது என்று அவருக்கு விரதம் ஏதுமில்லை. நேரமில்லை, அவ்வளவுதான். யாராவது ஓர் இடத்தைச் சொல்லி அங்கே ஏதோ சரியில்லை என்று எழுதியிருப்பார்கள். அவர் அந்த இடத்துக்குப் போய் நிற்பார். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரைச் சுடுவான். விழுவார். எழுந்து நடந்து அதே இடத்துக்கு வந்து மறுபடி நிற்பார். மேஜையில் கோடு போட்ட நோட்டு ஒன்று திறந்திருக்கும். அதில் பக்கத்துக்கு ஓர் இடம். ஆட்களின் பெயர் இருக்காது, இடத்தின் பெயர்தான் இருக்கும்.

அப்போது நாங்கள் பதினோரு பேர், கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து அலுவலகம் நடத்தினோம். ஆன்லைனில், போனில் விளையாடும் விளையாட்டு. ஒரு பெரிய மலைநாடு, அதில் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு படையாகப் பிரிந்து கோட்டைகளைப் பிடிப்பார்கள். யாருடைய குண்டு யார்மேல் பட்டது என்று தீர்ப்புச் சொல்லும் சர்வர் பகுதியை எழுதியவன் நான். ஐந்து வருடம் வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், என் தீர்ப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பெண் கொடைக்கானல் பஜாரைச் சேர்ந்தவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, மூஞ்சிக்கல் பக்கம் கம்பளித் துணிக்கடை வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர் விற்று விற்று மகளுக்குத் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சண்டையைத் தணிக்கும் அளவுக்குப் பேச வந்திருந்தது. விளையாடுகிறவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுத எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத்துக்கு வந்தார். முக்காட்டுக்கு மேல் கம்பளிக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"கேம் விளையாடுவீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்ல சார்."

"அப்பறம் புகாருக்கு எப்படிப் பதில் எழுதுவீங்க?"

"கடையில ஆம்பளைங்க ஸ்வெட்டரும்தான் விக்கிறேன். நான் போடுறதில்ல சார்."

முதலாளி சிரித்துவிட்டார். ஆனால் வந்தவர் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை. "ஆனா திரும்ப வந்துச்சுன்னா போட்டுப் பாப்பேன்" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். மதுரைக்காரர் ஒருவர் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, இது நல்ல கம்பளியே இல்லை, கழுத்தெல்லாம் அரிக்கிறது என்று கத்தினாராம். அத்தா கம்பளியின் தரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, இவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள் நடந்தாராம். கம்பளி சுத்தமானதுதான். கழுத்துப்பட்டியில் பெயர்த் துணியைத் தைத்திருந்த நைலான் நூல்தான் குத்தியிருக்கிறது. கத்திரியால் நூலை வெட்டிக் கொடுத்தாராம். அந்த மனிதர் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றும் வாங்கிப் போனார்.

"குறை சொல்றவங்க காரணத்தைத் தப்பாச் சொல்லுவாங்க சார். எடத்தைத் தப்பாச் சொல்ல மாட்டாங்க. கழுத்துன்னா கழுத்துதான்."

அன்றே வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அத்தா தொழுகைக்குப் போய்வரும்வரை கடையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட ஒரே சலுகை அது.

விளையாட்டு வெளியான முதல் இரண்டு வாரம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்கள் வந்து குவிந்தார்கள். மூன்றாம் வாரம் போகத் தொடங்கினார்கள். முன்னறையில் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தோம். இந்த நிமிடத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று அதில் ஒரு கோடு ஓடும். அது தினமும் கொஞ்சம் இறங்கியது. நாங்கள் பயத்தில் என்னென்னவோ செய்தோம். புதுத் துப்பாக்கி சேர்த்தோம். புது உடுப்பு சேர்த்தோம். வாயிலிருந்து நெருப்பு கக்கும் ஒரு குதிரையைக்கூடச் சேர்த்தோம். குதிரையைப் பார்க்க ஒருநாள் வந்தார்கள், மறுநாள் போய்விட்டார்கள்.

அவர் தன் நாற்காலியை அந்தத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "அதுல எத்தன பேர் போறாங்கன்னு தெரியுது சார். எந்த வாசல் வழியாப் போறாங்கன்னு தெரியலியே" என்றார்.

முதலில் அவர் போய் நின்றது கிழக்கு வாசலில். எங்கள் மலைநாட்டில் பெரிய கோட்டைக்கு இரண்டு வாசல். கிழக்கு வாசலுக்கு வெளியே நிற்கும் படைக்கு மட்டும் வலுவான துப்பாக்கி கொடுத்திருக்கிறீர்கள், இது மோசடி என்று நிறையப் பேர் எழுதினார்கள். நாங்கள் சரிபார்த்தோம். இரண்டு படைக்கும் துப்பாக்கி ஒன்றுதான். அப்படியே பதில் எழுதச் சொன்னோம். அவர் எழுதவில்லை. ஒரு காலை முழுக்க அந்த வாசலில் நின்றார். செத்துச் செத்து எழுந்தார். பதினோரு மணிக்குத் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"துப்பாக்கி இல்ல சார், வெயிலு. கோட்டைக்குள்ள இருந்து ஓடி வர்றவனுக்கு மூஞ்சிக்கு நேரா சூரியன் நிக்குது. போன்ல எல்லாம் வெள்ளையாத் தெரியுது. எவன் எங்க நிக்கிறான்னே தெரியல."

அந்தச் சூரிய உதயத்தை வரைந்த எங்கள் ஓவியருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு மாதம் உழைத்து வரைந்தது. கோக்கர்ஸ் நடைபாதையில் விடியற்காலை நின்று நின்று பார்த்து அந்த நிறத்தைப் பிடித்திருந்தார். அவர் சண்டைக்கு வர, இவர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். "நீங்களே அஞ்சு நிமிசம் நில்லுங்க சார்." ஓவியர் நின்றார். ஐந்து நிமிடத்தில் ஏழு தடவை செத்தார்.

"உதயத்த எடுக்க வேணாம்" என்றார் இவர். "முன்னாடி ஒரு மேகத்தப் போட்டு விடுங்க. கொடைக்கானல்ல மேகத்துக்கா பஞ்சம்?"

மேகம் வந்தது. மோசடி என்ற புகார் அந்த வாரத்தோடு நின்றது.

இந்தக் குணம் எப்போதும் சௌகரியமானது என்று சொல்ல முடியாது. ஒருமுறை நான் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர்களோடு பூம்பாறைக்குப் போய்விட்டேன். மறுநாள் அவர் என் மேஜையில் ஒரு சிறிய பிளாஸ்க்கை வைத்தார். மிளகுக் கஷாயம். "நேத்தே வீட்டுக்குக் கொண்டாந்தேன் சார். பூட்டியிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். குரலில் குற்றச்சாட்டு இல்லை, கிண்டல் இல்லை. நான் அந்தக் கஷாயத்தைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சிலர் அவர் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். நானும் சில நாள் மாற்றியிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கும்போது முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோடு நிமிரவில்லை என்றால் இன்னும் மூன்று மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான் என்றார். வெளியே குரங்குகள் தகரக் கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் முத்துக்காளையின் புகார்கள் வந்துகொண்டிருந்தன. பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர். வாழைத்தார் ஏற்றுவது, தோட்ட வேலைக்காரர்களை ஏற்றி இறக்குவது. நடுவில் கிடைக்கும் நேரத்தில் எங்கள் விளையாட்டு. தினம் ஒரு குரல்செய்தி அனுப்புவார். சாரம் ஒன்றுதான்: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் நான் சாகிறேன். இதே புகார் பல ஊர்களிலிருந்து வந்தது. ஆனால் அவர் மட்டும் எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று சொல்வார்.

நான் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் சிக்னல் மெதுவாக இருக்கலாம், சரிபார்த்துக்கொள்ளவும். இவர் அதை வாசித்துவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

"அனுப்பலியா?" என்றேன்.

"போய் நின்னு பாத்துட்டு அனுப்புறேன் சார்."

"நான் எழுதின கணக்குங்க அது. தப்பா இருக்க வாய்ப்பில்ல."

"தப்புன்னு நான் சொல்லலியே."

அந்தச் சுவருக்குப் பின்னால் போய் இரண்டு நாள் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஒளிந்தால் ஒளிந்ததுதான். ஒரு குண்டும் தொடவில்லை. நான் வெற்றியோடு பார்த்தேன். அவர் நோட்டில் அந்தப் பக்கத்தில் எதையோ அடித்துவிட்டுச் சொன்னார், "சுவரு சரி சார். நாமதான் தப்பான எடத்துல நிக்கிறோம். நம்ம ஆபீஸ் லைன் நல்ல லைனு. அவரு எங்க நின்னு ஆடுறாரோ அங்க போயி நிக்கணும்."

அடுத்த நாள் காலை பண்ணைக்காட்டுப் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். நான் போனது அவர் தோற்பதைப் பார்க்க. அதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

முத்துக்காளை ஜீப் ஸ்டாண்டில் காத்திருந்தார். கட்டுமஸ்தான ஆள், நரை விழுந்த மீசை. எங்களைப் பார்த்ததும் அவர் நம்பவில்லை.

"நீங்கதான் அந்த கேம்காரங்களா? நெசமாவா? நான் ஏதோ அமெரிக்காவுல கெடக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"கொடைக்கானல்ல இருந்துதாண்ணே வர்றோம். அந்தச் சுவத்துல ஒருதடவ நின்னு காட்டுங்க" என்றார் இவர்.

"வெரசாக் காட்டுறேன் தாயி, பத்து மணிக்கு லோடு இருக்கு."

ஊருக்கு வெளியே ஒரு வளைவில்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே ஜீப்பை நிறுத்தினார். இவர் சொன்னபடி அவருடைய போனையும் என்னுடைய போனையும் பானட்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என்னுடையது வேறு கம்பெனி சிம், அந்த வளைவில் நன்றாக எடுத்தது. நான் எதிர்ப்படையில் நுழைந்து அவரைத் துரத்த வேண்டும். அவர் ஓடி அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

ஓடினார். ஒளிந்தார். அவர் திரையில் அவர் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார். என் திரையில் அதே மனிதர் இன்னும் வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார். சுட்டேன். ஒரு கணம் கழித்து, பக்கத்துப் போனில், சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தவர் செத்து விழுந்தார்.

"பாத்தீகளா? இதத்தான் நாலு மாசமாச் சொல்றேன்" என்றார் முத்துக்காளை.

மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அப்படியே. ஐந்தாவது தடவை நான் போனை எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. யார் சுட்டது சரி என்று முடிவு செய்யும்போது, சுட்டவரின் போனில் என்ன தெரிந்ததோ அதை மட்டும் உண்மை என்று நான் எழுதிவைத்திருந்தேன். ஒளிந்தவரின் போனில் என்ன தெரிந்தது என்று என் கணக்கு கேட்கவே இல்லை. நல்ல லைன் உள்ள இடத்தில் உட்கார்ந்து எழுதியவனுக்கு அந்த இரண்டும் வேறு வேறாக இருக்கும் என்று தோன்றவில்லை.

இவர் என் முகத்தைப் பார்த்தார். தான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற தோரணை கொஞ்சமும் இல்லை. "சரி பண்ணிரலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பண்ணிரலாம்" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு உறுதியாக நான் அதற்கு முன் சொன்னதில்லை.

ஒன்பது நாள் வேலை. இரண்டு பேரின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லும்படி மாற்றி எழுதினேன். வெளியிட்ட காலை, முத்துக்காளையிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அதில் அவர் பக்கத்தில் யாரிடமோ சொல்வது மட்டும் கேட்டது: "ஏலே, சாகலடா."

அலுவலகம் முழுக்க அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அந்த மாதக் கடைசியில் சுவரில் இருந்த கோடு இறங்குவதை நிறுத்தியது. அடுத்த மாதம் நிமிரத் தொடங்கியது. முதலாளி மூன்று மாதக் கெடுவைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. நெருப்புக் குதிரையை எடுத்துவிட்டோம். யாரும் அதைக் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வேலைமுறையே மாறியது. புகார் வந்தால் அந்தப் பகுதியை எழுதியவரே போய் நிற்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. அவரிடம் நோட்டை இரவல் வாங்கிக்கொண்டு போவோம். முத்துக்காளையும் எங்கள் ஆளாகிவிட்டார். அவருக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் கொண்ட படை. புதிதாக எது செய்தாலும் பண்ணைக்காட்டு வளைவில் அவர் சோதித்துச் சொன்ன பிறகுதான் வெளியிடுவோம். நாங்கள் அங்கே போய்வரும்போதெல்லாம், கடைக்காரம்மாவுக்கு என்று ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தனுப்புவார்.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் முத்துக்காளை மேலேயே புகார் வந்தது. ஹேக் போட்டு விளையாடுகிறார், அதாவது தானாகக் குறிபார்த்துக் கொடுக்கும் திருட்டுச் செயலியைப் பயன்படுத்துகிறார் என்று. தோற்றவர்கள் சொல்லும் வழக்கமான பேச்சு என்று விட்டுவிட்டோம். இவர் மட்டும் விடவில்லை. ஒரு வாரம் தினமும் முத்துக்காளையின் படையோடு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். ஏழாம் நாள் முதலாளியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நானும் உள்ளே இருந்தேன்.

"போடுறாரு சார். பாறைக்குப் பின்னாடி இருக்கிறவன் வெளிய வர்றதுக்கு முன்னாடியே அவரு துப்பாக்கி அங்க திரும்புது. ஒருதடவ இல்ல. எண்ணி வச்சிருக்கேன்."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "அவரு இல்லன்னா நாம இன்னைக்கு இல்லியேம்மா. கூப்பிட்டு, இனி செய்யாதீங்கன்னு சொல்லிருவோம். யாருக்கும் தெரிய வேணாம்."

நானும் அதையே சொன்னேன். "ஒருதடவ விட்டுருவோம்."

"பாக்காம இருந்திருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "பாத்தாச்சு. இனி பாக்கலன்னு எப்படி இருக்கிறது?"

முதல் தடவை பிடிபட்டால் மூன்று மாதம் தடை. சேர்த்துவைத்த பட்டம், படை எல்லாம் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் விதி அது. இதற்கு முன் பல பேருக்கு அவர்தான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். இந்தத் தடவை அழுத்துவதற்கு முன் பண்ணைக்காட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். கூப்பிடாமலே போனேன்.

முத்துக்காளை ஓடைக்கரையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு இவர் முகத்தைப் பார்த்து அடங்கியது.

"என்ன தாயி, வெள்ளனே வந்திருக்கீக?"

"ஒரு வாரமா உங்க பக்கத்துலதாண்ணே நின்னேன். பாத்தேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். முதலில் இல்லை என்றார். எவனோ பொறாமைக்காரன் சொல்லிவிட்டான் என்றார். இவர் மறுக்கவில்லை, வாதாடவில்லை, நின்றுகொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முத்துக்காளையின் குரல் தாழ்ந்தது.

"வயசு நாப்பத்தாறாச்சு தாயி. தூரத்துல நிக்கிறவன் ஒரு புள்ளியாத்தான் தெரிவான். மத்தவனுக்கு அந்தப் புள்ளி தெரியுது, எனக்குத் தெரிய மாட்டேங்குது. தலைவரு தலைவருன்னு அம்பது பேரு பின்னாடி வர்றாங்க. என்னாலயே தோத்தா என்ன மரியாதை? எல்லாப் பயலும் போடுறான், ஒருத்தன் கொடுத்தான், நானும் போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"கண்ணு தெரியலன்னு பொம்பளப்பிள்ளைகிட்டச் சொல்லச் சொல்றியா?"

"மூணு மாசம்ணே" என்றார் இவர். "இன்னைக்கு ஆபீஸ் போனதும் போட்டுருவேன். உங்களுக்கு மெசேஜ்ல வந்து தெரிய வேணாம்னுதான் வந்தேன்."

"எனக்குமா அந்த விதி? நான் உங்களுக்கு எம்புட்டு செஞ்சிருக்கேன்."

"நெறையச் செஞ்சிருக்கீங்க."

முத்துக்காளை முதுகைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தைக் கழுவத் தொடங்கினார். "இனிமே இந்தப் பக்கம் உங்களுக்குச் சோலி இல்ல. போயிட்டு வாங்க" என்றார். நாங்கள் வந்தோம்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பெருமாள்மலை வந்தபோது திரும்பினார். கண் சிவந்துதான் இருந்தது.

"அந்தப் புள்ளி எவ்வளவு பெருசு சார்?"

"எந்தப் புள்ளி?"

"தூரத்துல நிக்கிறவன். சாதாப் போன்ல எவ்வளவு பெருசாத் தெரிவான்?"

எனக்குத் தெரியவில்லை. அலுவலகம் வந்ததும் முதலில் தடையைப் போட்டார். பிறகு பஜாருக்குப் போய், கடைக்குப் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து பழைய மூக்குக்கண்ணாடிகளாக ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார். வேறு வேறு பவர். எங்கள் எல்லாரையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு விளையாடச் சொன்னார். பார்வை மங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். நான் போட்டுக்கொண்டு பார்த்தேன். மலைச்சரிவில் நின்ற ஆளும் புதரும் ஒன்றாகக் கலந்துபோயின. எங்கள் ஓவியர்தான் இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து, வேண்டுகிறவர்களுக்கு மட்டும் ஆட்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தெரியும்படி ஒரு வசதியை வரைந்தார். பாறைக்குப் பின்னால் இருப்பவன் தெரியமாட்டான். கண்ணெதிரே இருப்பவன் கண்ணுக்குத் தெரிவான். அது வெளியானதும் வந்த நன்றிக் கடிதங்களில் பாதி, இத்தனை நாள் நாங்கள் கிழவர்களாகிவிட்டோம் என்று நினைத்திருந்தோம் என்று சொன்னவை.

இப்போது அந்தப் பங்களாவில் நாங்கள் இல்லை. விளையாட்டைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. அது இன்றும் ஓடுகிறது. அவர் வேறு ஊரில், வேறொரு பெரிய விளையாட்டுக்கு இதே வேலையின் தலைமையில் இருக்கிறார். கீழே இருபது பேராம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் மாதம் பதில் எழுத அனுமதி இல்லை, நிற்க மட்டும்தான் அனுமதி என்று கேள்விப்பட்டேன். என் இன்றைய அலுவலகத்தில் யாராவது என்னிடம் "வாய்ப்பே இல்லை" என்று சொன்னால், நான் பஸ் நேரம் விசாரிக்கிறேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறொரு காலை. முத்துக்காளையின் தடை அன்றோடு முடிகிறது. அதை யாரும் அலுவலகத்தில் நினைவு வைத்திருக்கவில்லை. அவர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் ஏழு மணிக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. அவர் முக்காட்டின்மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. விளையாட்டில் புதிதாக நுழைகிறவர்கள் எல்லாரும் ஒரு சிறிய படகுத்துறையில் வந்து இறங்குவார்கள். அங்கே நின்றுகொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து பேர் இறங்கிப் போனார்கள். அப்புறம் ஒரு ஆள் இறங்கினான். பட்டம் இல்லை, படை இல்லை, எல்லாரையும்போல ஒரு சாதாரணச் சட்டை. ஆட்களைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு போட்டுப் பார்க்கும் வசதியை அவன் திறந்திருக்கிறான் என்பது எங்கள் பக்கத் திரையில் தெரிந்தது. இறங்கியவன் நகரவில்லை. எதிரே துப்பாக்கியைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தான்.

"யாரு, கடைக்காரம்மாவா?" என்றது ஹெட்போனில் கரகரத்த குரல். அவர் ஒலியை எனக்கும் கேட்கும்படி திறந்துவிட்டார்.

"ஆமாண்ணே."

"எம்புட்டு நேரமா நிக்கிறீக?"

"இப்பத்தான்."

அந்தப் பக்கம் ஜீப்பின் என்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு முத்துக்காளை கேட்டார், "சுடவும் தெரியாது. இங்கன எதுக்குத் தாயி நிக்கிறீக?"

"நீங்க வர்றீங்களான்னு பாக்க."